குற்றம் யாருடையது, சலான் யாருக்கு? ஆள் மாறி வந்த இ-சலானை மறுப்பது பற்றி ஓர் எளிய விளக்கம்

காலை ஆறே முக்காலுக்குக் குறுஞ்செய்தி வந்தது. தலைக்கவசம் அணியாமல் இருசக்கர வாகனம் ஓட்டியதற்கு ஆயிரம் ரூபாய் அபராதம். குற்றம் நடந்ததாகப் போட்டிருந்த ஊர் எங்கள் வீட்டிலிருந்து அறுபது கிலோமீட்டர். என் ஸ்கூட்டரோ பேட்டரி செத்து, பத்து நாளாக முற்றத்தில் தார்ப்பாய்க்கு அடியில் கிடந்தது. அதன் கால் வைக்கும் தட்டில் தெருப்பூனை ஒன்று குட்டி போட்டிருந்தது. பூனையைச் சாட்சிக் கூண்டில் ஏற்ற முடியாது என்பதுதான் ஒரே குறை.

பரிவாகன் என்ற அரசுப் போக்குவரத்து இணையதளத்தில் சலான் எண்ணைக் கொடுத்துப் படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன். சிவப்பு வண்டி. என்னுடையது சாம்பல் நிறம். ஓட்டுபவர் கட்டம் போட்ட சட்டைக்கார இளைஞர். அவர் கால்களுக்கு நடுவே சமையல் எரிவாயு உருளை. எண் பலகையின் கடைசி இலக்கத்தில் சேறு தெறித்திருந்தது. உற்றுப் பார்த்தால் 3. அவசரமாகப் பார்த்தால் 8. என் வண்டி 8-ல் முடிகிறது.

அன்று மாலைக்குள் மூன்று பேர் மூன்று யோசனை சொன்னார்கள். "ஆயிரம் ரூபாய்க்காகவா அலைவது, கட்டித் தொலையுங்கள்" என்றார் பக்கத்து வீட்டுக்காரர். "கண்டுகொள்ளாதீர்கள், யாரும் வந்து கேட்க மாட்டார்கள்" என்றார் டீக்கடைக்காரர். "வக்கீலைப் பிடியுங்கள்" என்றார் என் மைத்துனர். மூவரும் நல்ல மனிதர்கள். மூன்று யோசனைகளும் தவறு. ஏன் தவறு என்று விளங்க வேண்டுமானால், அந்தக் குறுஞ்செய்தி உண்மையில் என்ன என்பதிலிருந்து தொடங்க வேண்டும்.

மின் கட்டண அட்டையில் தாத்தா பெயர்

நம் ஊரில் பல வீடுகளில் மின் இணைப்பு இன்னும் தாத்தா பெயரில்தான் இருக்கும். அவர் காலமாகி இருபது ஆண்டு ஆகியிருக்கும். பேரன் ஏ.சி. போடுகிறான், கட்டணம் தாத்தா பெயருக்கு வருகிறது. மின்வாரியத்துக்கு யார் விசிறியைச் சுழலவிட்டார்கள் என்பது தெரியாது, தெரிய வேண்டிய தேவையும் இல்லை. அதற்குத் தெரிந்தது இணைப்பு எண். அந்த எண்ணுக்கு எதிரே பதிவேட்டில் எந்தப் பெயர் இருக்கிறதோ, அந்தப் பெயருக்குக் கட்டணம் போகும்.

இ-சலானும் முதல் பாதி தூரம் இப்படித்தான் நடக்கிறது. சாலையில் இருக்கும் கருவிக்கு உங்கள் முகம் தெரியாது. அது பார்ப்பது எண் பலகையை. அந்த எண்ணுக்கு எதிரே அரசுப் பதிவேட்டில் யார் பெயர் இருக்கிறதோ அவருக்குச் செய்தி போகிறது.

ஆனால் ஒப்புமை இங்கே முறிகிறது. மின் கட்டணம் ஒரு கடன். இணைப்பு இருக்கும் வரை யாராவது கட்டியே ஆக வேண்டும், பேரன் கட்டினாலும் போதும். போக்குவரத்து விதிமீறல் கடன் அல்ல, குற்றம். குற்றத்தைச் செய்தவர் ஒருவர் இருக்கிறார். தலைக்கவசம் போடாமல் போனது ஒரு தலை. அந்தத் தலை யாருடையது என்ற கேள்விக்குப் பதிவேட்டில் விடை இல்லை. இந்த இடைவெளியில்தான் ஆள் மாறி வரும் சலான்கள் அத்தனையும் பிறக்கின்றன.

செய்தி உங்கள் கைக்கு வரும் வழி

சில சொற்களை இங்கேயே தெளிவுபடுத்திக்கொள்வோம். சலான் என்பது, இன்ன நேரத்தில், இன்ன இடத்தில், இன்ன விதி மீறப்பட்டது என்று அதிகாரி தரும் எழுத்துமூல அறிவிப்பு. அது காகிதத்துக்குப் பதிலாக மின்னணு முறையில் பதிவாகி வந்தால் இ-சலான்.

இது இரண்டு வழிகளில் பிறக்கிறது. ஒன்று, கம்பத்தில் பொருத்திய கேமரா. எண் பலகையைத் தானாகவே படித்து எழுத்தாக மாற்றும் கேமராவை ஏ.என்.பி.ஆர். கேமரா என்கிறார்கள். இன்னொன்று, சாலையில் நிற்கும் போக்குவரத்துக் காவலர். நிற்காமல் போகும் வண்டியைப் படம் எடுத்து, எண்ணைக் கையடக்கக் கருவியில் தட்டச்சு செய்கிறார். கேமரா 8-ஐயும் பி என்ற ஆங்கில எழுத்தையும் குழப்பிக்கொள்ளும். காவலர் வெயிலில் நின்று நாளெல்லாம் தட்டச்சு செய்யும்போது ஓர் இலக்கம் இடம் மாறும். இரண்டுமே நடக்கக்கூடியவைதான். இதில் சதி எதுவும் இல்லை.

எண் கிடைத்ததும் அது 'வாகன்' என்ற தேசிய வாகனத் தரவுத்தளத்தில் தேடப்படுகிறது. வட்டாரப் போக்குவரத்து அலுவலகங்களில் பதிவான வண்டிகளின் விவரங்கள் சேர்ந்திருக்கும் இடம் அது. அங்கே அந்த எண்ணுக்கு எதிரே இருக்கும் பெயருக்குரியவர்தான் பதிவு உரிமையாளர். வண்டிக்குப் பணம் கொடுத்தவர், சாவி வைத்திருப்பவர், தினமும் ஓட்டுபவர் என்பதெல்லாம் இந்தக் கணக்கில் வராது. ஆர்.சி. எனப்படும் பதிவுச் சான்றில் யார் பெயரோ அவர்தான். அவருடைய கைபேசிக்குச் செய்தி போகிறது.

நன்றாகக் கவனித்தால், இந்தச் சங்கிலியில் எந்தக் கண்ணியிலும் "ஓட்டியவர் யார்?" என்ற கேள்வி கேட்கப்படவில்லை. காவலர் வண்டியை நிறுத்தி, உரிமத்தை வாங்கிப் பார்த்து எழுதும் சலானில் மட்டும்தான் அந்தக் கேள்வி எழுகிறது.

இதுவரை பார்த்ததைச் சுருக்கினால்: எண்ணைப் படிப்பது ஒரு கருவி அல்லது ஒரு காவலர். எண்ணைப் பெயராக மாற்றுவது தரவுத்தளம். எண்ணைத் தவறாகப் படித்தாலும் சலான் ஆள் மாறும், தரவுத்தளத்தில் பெயர் பழையதாக இருந்தாலும் ஆள் மாறும்.

குற்றச்சாட்டு வேறு, தீர்ப்பு வேறு

டீக்கடை யோசனைகள் சறுக்கும் இடம் இது. இ-சலான் என்றாலே "அபராதம் போட்டுவிட்டார்கள்" என்கிறோம். போடவில்லை. இ-சலான் ஒரு குற்றச்சாட்டு. "நீங்கள் இதைச் செய்ததாகத் தெரிகிறது. ஒப்புக்கொண்டால் இவ்வளவு கட்டி முடித்துக்கொள்ளலாம்" என்பதுதான் அதன் உட்பொருள். அப்படிப் பணம் கட்டி, நீதிமன்றம் போகாமல் முடித்துக்கொள்வதற்கு மோட்டார் வாகனச் சட்டம் 1988-ன் பிரிவு 200 வழி செய்கிறது. சட்டத்தில் இதற்கு இணக்கத் தீர்வு என்று பெயர். சிறு குற்றங்களுக்கு நீதிமன்றத்தின் நேரத்தை வீணாக்காமல் இருக்க வந்த ஏற்பாடு அது, நல்ல ஏற்பாடும்கூட. குற்றம் செய்தவருக்கு!

செய்யாதவர் கட்டினால்? ஒப்புக்கொண்டதாகத்தான் பதிவாகும். "தொந்தரவு வேண்டாம் என்றுதான் கட்டினேன்" என்பதைப் பதிவு செய்ய அந்தத் தளத்தில் பெட்டி எதுவும் கிடையாது. கட்டிய பிறகு அந்தப் பணத்தைத் திரும்பக் கேட்பது, கட்டும் முன் மறுப்பதைவிடப் பல மடங்கு கடினம்.

ஆயிரம் ரூபாய்தானே என்று நினைப்பவர்கள் இன்னொன்றையும் பார்க்க வேண்டும். 2019-ல் திருத்தப்பட்ட சட்டப்படி தலைக்கவசக் குற்றத்துக்கு 1,000 ரூபாய் அபராதத்தோடு மூன்று மாதம் உரிமம் வைத்திருக்கத் தகுதியிழப்பும் எழுதப்பட்டிருக்கிறது. சிவப்பு விளக்கை மீறுவது, ஓட்டும்போது கைபேசியைக் கையில் பிடிப்பது போன்றவை 'அபாயகரமாக ஓட்டுதல்' என்ற வகையில் வருகின்றன. அதே குற்றம் மூன்று ஆண்டுக்குள் மறுபடி நடந்தால் அபராதம் 10,000 ரூபாய் வரை போகலாம். யாரோ செய்த முதல் குற்றத்தை உங்கள் கணக்கில் ஏற்றுக்கொண்டால், நாளை நீங்கள் செய்யும் முதல் தவறு இரண்டாவதாக எண்ணப்படும் வாய்ப்பு உண்டு.

கண்டுகொள்ளாமல் விடுவதும் தீர்வல்ல. கட்டாத, மறுக்காத சலான் தானாக மறைந்துவிடாது. வண்டியை விற்கப் பெயர் மாற்றம் கேட்கும்போதோ, தகுதிச் சான்று புதுப்பிக்கும்போதோ அது வழியில் வந்து நிற்கும். மூன்று ஆண்டு கழித்து, அன்று அந்த நேரத்தில் வண்டி எங்கே இருந்தது என்று எப்படி நிரூபிப்பீர்கள்? மெக்கானிக் கொடுத்த ரசீது அதற்குள் எந்தச் சட்டைப் பையில் துவைபட்டதோ!

வண்டியின் குற்றம், ஓட்டியவரின் குற்றம்

"நான் ஓட்டவில்லை, அதனால் எனக்குப் பொறுப்பில்லை" என்பதும் முழு உண்மையல்ல. விதிமீறல்களில் இரண்டு ஜாதி உண்டு.

வேகமாகப் போவது, சிவப்பு விளக்கைத் தாண்டுவது, தலைக்கவசம் போடாமல் இருப்பது ஆகியவை ஓட்டியவரின் செயல்கள். காப்பீடு இல்லாத வண்டி, புகைச் சான்று இல்லாத வண்டி என்பவை வண்டியின் நிலை. அப்படிப்பட்ட வண்டியைச் சாலையில் ஓடவிட்டதற்கு உரிமையாளரும் பொறுப்பு. அதில் "என் தம்பிதான் எடுத்துப்போனான்" என்று தப்பிக்க முடியாது.

நடுவே ஒரு கசப்பான இடமும் இருக்கிறது. உரிமம் இல்லாதவர் கையில் வண்டியைக் கொடுத்தால், கொடுத்ததே தனிக் குற்றம். 18 வயது நிரம்பாத பிள்ளை ஓட்டிக் குற்றம் செய்தால், 2019 திருத்தத்தில் வந்த பிரிவு 199ஏ-யின்படி பெற்றோர் அல்லது உரிமையாளர் மீதே குற்றம் சுமத்தப்படும்: 25,000 ரூபாய் அபராதம், மூன்று ஆண்டு வரை சிறை, வண்டியின் பதிவு 12 மாதம் ரத்து. தனக்குத் தெரியாமல் நடந்தது அல்லது தடுக்க எல்லா முயற்சியும் எடுத்தேன் என்று நிரூபித்தால்தான் விடுதலை. டியூஷனுக்குப் போகப் பிள்ளையிடம் சாவியைக் கொடுத்துவிட்டுச் சலான் வந்ததும் "ஓட்டியது நானில்லை" என்று எழுதும் அப்பா, ஆயிரத்திலிருந்து தப்பி இருபத்தைந்தாயிரத்துக்குள் போய் விழுகிறார்.

ஆள் மாறுவதற்கு என்னென்ன காரணங்கள்

உங்கள் சலான் எந்த வகைத் தவறு என்று முதலில் தெரிய வேண்டும். வகைக்கு ஏற்ப மருந்து மாறும்.

எண்ணைத் தவறாகப் படித்தது எளிதான வகை. எனக்கு வந்தது அதுதான். படத்தில் இருப்பது வேறு வண்டி என்பது பார்த்தாலே தெரியும். கார் உரிமையாளருக்குத் தலைக்கவசம் போடாததற்கு அபராதம் என்று நாளிதழ்களில் வரும் வேடிக்கைச் செய்திகளில் பல இந்த வகையைச் சேர்ந்தவை. இங்கே ஆர்.சி.யே உங்கள் சாட்சி. வண்டியின் வகை, தயாரிப்பாளர், நிறம் எல்லாம் அதில் இருக்கின்றன.

போலி எண் பலகை அடுத்தது, ஆபத்தானது. யாரோ ஒருவர் தன் வண்டியில் உங்கள் எண்ணை ஒட்டிக்கொண்டு திரிகிறார். படத்தில் எண் தெளிவாக உங்களுடையதாகவே இருக்கும், வண்டியின் மாடல்கூட ஒன்றாக இருக்கலாம். இதைத் தடுக்கத்தான் 2019 ஏப்ரல் 1 முதல் விற்கப்படும் புதிய வண்டிகளுக்கு உயர் பாதுகாப்பு எண் பலகை கட்டாயமானது. கழற்றினால் உடையும் பூட்டும், ஹோலோகிராமும், லேசரால் பொறித்த தனி எண்ணும் கொண்ட பலகை அது. அதற்கு முந்தைய வண்டிகள் பலவற்றில் இன்னும் ஸ்டிக்கர் கடையில் செய்த பலகைதான் தொங்குகிறது. நூறு இருநூறு ரூபாய் கொடுத்தால் எந்த எண்ணையும் எழுதித் தரும் கடை எந்த ஊரில் இல்லை?

இந்த வகையில் சலானை மறுப்பது மட்டும் போதாது. காவல் நிலையத்தில் எழுத்துமூலம் புகார் கொடுத்து, மனு ஏற்றதற்கான சி.எஸ்.ஆர். ரசீது வாங்கிக்கொள்ள வேண்டும். இன்று தலைக்கவசச் சலானாக வந்தது, நாளை விபத்து வழக்காகவோ சங்கிலிப் பறிப்பு வழக்காகவோ வரலாம். அன்று "முன்பே புகார் கொடுத்திருக்கிறேன்" என்று காட்ட அந்த ஒற்றைக் காகிதம் வேண்டும்.

மூன்றாவது, விற்ற வண்டி. நம் ஊரில் அதிகம் நடப்பதும், "நான் விற்று மூன்று வருஷமாகிறதே" என்று அதிகம் புலம்ப வைப்பதும் இதுதான் என்பது என் கணிப்பு. பழைய வண்டி வாங்கி விற்கும் கன்சல்டிங் கடையில் வண்டியை விடுகிறோம். படிவங்களில் வெற்றுக் கையெழுத்து வாங்குகிறார்கள், ஆர்.சி.யை வாங்கிக்கொள்கிறார்கள், பணத்தை எண்ணித் தருகிறார்கள். கை கழுவியாயிற்று என்று பஸ் ஏறி வந்துவிடுகிறோம். வண்டி அங்கிருந்து இரண்டு மூன்று கை மாறுகிறது. வாங்கிய யாரும் பெயர் மாற்றவில்லை. தரவுத்தளத்தைப் பொறுத்தவரை நீங்கள் அந்த வண்டியை விற்கவே இல்லை.

சட்டம் இதில் கறாரானது. ஒரே மாநிலத்துக்குள் விற்றால், விற்றவர் 14 நாளுக்குள் பதிவு அதிகாரிக்குத் தெரிவிக்க வேண்டும் என்கிறது பிரிவு 50. அதற்குரியது படிவம் 29. வாங்கியவர் தன் பெயருக்கு மாற்றக் கொடுப்பது படிவம் 30. வாங்குபவர்தான் எல்லாம் செய்ய வேண்டும் என்பது பரவலான நம்பிக்கை. விற்றவருக்கும் கடமை உண்டு என்பது பலருக்குத் தெரியாது. 2018-ல் உச்ச நீதிமன்றம் நவீன் குமார் எதிர் விஜய் குமார் என்ற விபத்து இழப்பீட்டு வழக்கில், வண்டி அடுத்தடுத்துப் பலர் கைக்குப் போயிருந்தாலும் பதிவேட்டில் யார் பெயர் இருக்கிறதோ அவர்தான் சட்டத்தின் கண்ணில் உரிமையாளர் என்று சொல்லிவிட்டது. ஆயிரம் ரூபாய்ச் சலான் இந்த நோயின் முதல் அறிகுறி மட்டுமே. உயிர்ச்சேத இழப்பீடு லட்சங்களில் வரும்.

அதனால் விற்ற வண்டிக்குச் சலான் வந்தால், எரிச்சல்படுவதோடு கொஞ்சம் நன்றியும் சொல்லலாம். உங்கள் பெயரில் ஒரு வண்டி இன்னும் எங்கோ ஓடிக்கொண்டிருக்கிறது என்று அது தகவல் தந்திருக்கிறது. விற்பனை ஒப்பந்தம், டெலிவரி நோட்டு, பணம் வந்த வங்கிப் பதிவு, வாங்கியவரின் அடையாளச் சான்று நகல் எது இருந்தாலும் தேடி எடுங்கள். சலானை மறுக்கும் அதே வாரத்தில் வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்துக்கும் போய் விற்ற விவரத்தை எழுதிக் கொடுங்கள்.

நான்காவது, வண்டி உங்களுடையது, ஓட்டியது நண்பர். இங்கே சலான் வந்த முகவரி சரி, குற்றம்தான் உங்களுடையதல்ல. பிரிவு 133-ன்படி, அதிகாரம் பெற்ற காவல் அதிகாரி கேட்டால் ஓட்டியவரின் பெயர், முகவரி, உரிம விவரங்களை உரிமையாளர் சொல்லியாக வேண்டும். சொல்லமாட்டேன் என்பது உரிமை அல்ல. நட்பா, ஆயிரம் ரூபாயா என்று சங்கடம் வரும். பெரும்பாலோர் நண்பரிடம் பணத்தை வாங்கிக் கட்டிவிடுகிறார்கள். சிறு குற்றத்துக்கு அது நடைமுறை வழிதான், ஆனால் பதிவு உங்கள் பெயரில் ஏறும் என்பது தெரிந்தே செய்யுங்கள்.

அபூர்வமாக ஐந்தாவது ஒன்றும் உண்டு. காவலரிடம் சிக்கியவர் உங்கள் ஓட்டுநர் உரிமத்தின் படத்தைக் காட்டித் தப்பியிருப்பார். வண்டி எண்ணில் தேடினால் இது சிக்காது. பரிவாகன் தளத்தில் உரிம எண்ணைக் கொடுத்தும் தேடலாம். வருஷத்துக்கு ஒருமுறை தேடிப் பார்ப்பதில் தவறில்லை.

இந்தப் பகுதியின் சாரம்: படத்தில் வண்டி வேறா, எண் திருடப்பட்டதா, பெயர் பழையதா, ஓட்டியவர் வேறா என்று கேட்டுக்கொண்டால் எதை நிரூபிக்க வேண்டும் என்பது தெளிவாகிவிடும்.

முதலில், சலானே உண்மையா?

இதைச் சொல்லாமல் மேலே போக முடியாது. போலிச் சலான் செய்திகள் வாட்ஸ்அப்பில் வருகின்றன. வண்டி எண்ணுடன், அரசுச் சின்னத்துடன், "விவரம் பார்க்க இதை நிறுவவும்" என்று ஏ.பி.கே. என்று முடியும் கோப்பு ஒன்றும் இருக்கும். அதைத் தொட்டால் கைபேசியும் அதன் வழியாக வங்கிக் கணக்கும் போய்விடும். அரசு சலான் பார்க்கச் செயலிக் கோப்பு அனுப்புவதில்லை. செய்தியில் உள்ள இணைப்பைத் தொடாமல், நீங்களே பரிவாகன் இ-சலான் தளத்துக்குப் போய் (முகவரி கவ் டாட் இன் என்று முடிய வேண்டும்) சலான் எண்ணையோ வண்டி எண்ணையோ கொடுத்துத் தேடுங்கள். அங்கே இல்லாத சலானுக்குப் பணம் கட்டும் அவசரம் எதற்கு?

சலானில் எதைப் பார்க்க வேண்டும்

கேமரா வழிச் சலான்களுக்கென்று 2021 ஆகஸ்டில் மத்திய அரசு ஒரு விதியைச் சேர்த்தது, விதி 167ஏ. அதன்படி விதிமீறலும் எண் பலகையும் தெளிவாகத் தெரியும் படம், கருவி அளந்த அளவு, தேதி, நேரம், இடம், மீறிய சட்டப்பிரிவு ஆகியவை சலானோடு இருக்க வேண்டும். குற்றம் நடந்த 15 நாளுக்குள் அறிவிப்பு அனுப்பப்பட வேண்டும் என்று 2021-ல் வந்தபோது அந்த விதி சொன்னது. மின்னணுச் சான்றுக்கான சான்றிதழும் வேண்டும். "இந்தப் படம் இந்தக் கருவியிலிருந்து, கருவி சரியாக இயங்கிய நிலையில் எடுக்கப்பட்டது" என்று பொறுப்பான ஒருவர் கையெழுத்திடும் உறுதிமொழி அது. முன்பு இந்தியச் சாட்சியச் சட்டத்தின் 65பி பிரிவில் இருந்தது, 2024 ஜூலை 1 முதல் புதிய சாட்சியச் சட்டத்தின் பிரிவு 63-ல் இருக்கிறது.

பிரிவு எண்களை மனப்பாடம் செய்ய வேண்டியதில்லை. படத்தில் என்ன தெரிகிறது என்பதுதான் உயிர்நாடி. படமே இல்லாமலோ, எண் பலகை மங்கலாகவோ இருந்தால் அதையே எழுதுங்கள்.

மறுப்பது எப்படி: நான் செய்தது

முதலில் சலான் பக்கத்தையும் படத்தையும் தேதி தெரியும்படி சேமித்து, அச்சும் எடுத்தேன். பிறகு தார்ப்பாயை விலக்கி, பூனையின் முறைப்பைச் சகித்துக்கொண்டு, ஸ்கூட்டரை நான்கு பக்கமும் படம் எடுத்தேன். எண் பலகை ஒரு படத்தில் முழுதாக வர வேண்டும், நிறமும் மாடல் பெயரும் தெரிய வேண்டும். ஆர்.சி. நகல் ஒன்று. பேட்டரியைக் கழற்றிப் போன மெக்கானிக் தேதி போட்டுத் தந்த துண்டுச் சீட்டு ஒன்று. கார் வைத்திருப்பவர்களுக்கு இதைவிட வலுவான சாட்சி உண்டு: அதே நேரத்தில் வேறு ஊர்ச் சுங்கச்சாவடியில் ஃபாஸ்டேக் கழித்த பதிவு. அலுவலக வாகன நிறுத்த ரசீது, சர்வீஸ் சென்டர் பில், வீட்டு வாசல் சி.சி.டி.வி. பதிவு எல்லாம் உதவும். சி.சி.டி.வி. பதிவு சில வாரங்களில் தானாக அழிந்துவிடும், அதைத்தான் முதலில் எடுத்து வைக்க வேண்டும்.

மனு எழுத உட்கார்ந்தபோது முதல் வரைவு இரண்டு பக்கம் போனது. சாலைக் குழிகள், பொதுமக்களைக் கசக்கிப் பிழியும் அரசு, நான் இருபது வருஷமாக விதி தவறாத குடிமகன் என்பது வரை எழுதிவிட்டேன். மறுநாள் படித்துப் பார்த்து வெட்கப்பட்டுக் கிழித்தேன். மனுவைப் படிக்கும் அதிகாரிக்கு வேண்டியது ஒரே ஒரு விஷயம்: எதனால் இது தவறு? கடைசியில் போனது இவ்வளவுதான்:

"மேற்கண்ட சலானில் உள்ள படத்தில் காணப்படும் வாகனம் என்னுடையது அல்ல. படத்தில் இருப்பது சிவப்பு நிற வாகனம். என் வாகனம் பதிவுச் சான்றின்படி சாம்பல் நிறம். படத்தில் எண் பலகையின் கடைசி இலக்கம் 3, அது 8 என்று படிக்கப்பட்டுள்ளது. பதிவுச் சான்று நகலும் வாகனப் படங்களும் இணைத்துள்ளேன். சலானை ரத்து செய்யக் கேட்டுக்கொள்கிறேன்."

இதைப் பரிவாகன் தளத்தின் புகார்ப் பகுதியில் பதிவு செய்து, புகார் எண்ணைக் குறித்துக்கொண்டேன். அதே மனுவைச் சலான் போட்ட போக்குவரத்துப் பிரிவுக்கும் பதிவுத் தபாலில் அனுப்பினேன். இரண்டு வழியிலும் அனுப்புவது நல்லது. இணையப் புகார் எங்கோ கிணற்றில் விழுந்த கல்லாகலாம். தபாலுக்கு ஒப்புகை அட்டை உண்டு. அறிவிப்பில் ஒரு கெடு தேதி இருந்தால், அதற்கு முன்பே மறுப்பு பதிவாகியிருக்க வேண்டும்.

நீதிமன்றத்துக்குப் போய்விட்டால்

சில நேரம் மனு கொடுக்கும் முன்பே, அல்லது மனுவுக்குப் பதில் வரும் முன்பே சலான் மெய்நிகர் நீதிமன்றத்துக்குப் போய்விடும். சம்பந்தப்பட்டவர் நேரில் வராமலே சிறு வழக்குகளை இணையம் வழியே முடிக்கும் நீதிமன்றம் அது. போக்குவரத்து வழக்குகளுக்காக 2019-ல் டெல்லியில் தொடங்கி, பிறகு சென்னை உட்படப் பல இடங்களுக்கு வந்தது. அதன் தளத்தில் வழக்கைத் தேடினால் விதிக்கப்படக்கூடிய அபராதத் தொகை இருக்கும், கட்டுவதற்கு ஒரு பொத்தான் இருக்கும், வழக்கை எதிர்த்து நடத்த விரும்புகிறேன் என்பதற்கு இன்னொன்று இருக்கும். பணத்தைக் கட்டினால் குற்றத்தை ஒப்புக்கொண்டதாக வழக்கு முடியும். எதிர்க்கிறேன் என்றால் வழக்கு வழக்கமான நடுவர் நீதிமன்றத்துக்கு மாறும். அங்கே குற்றத்தை நிரூபிக்க வேண்டியது போலீசார்தான்.

வக்கீல் கட்டாயமில்லை. உங்கள் வழக்கை நீங்களே நேரில் நின்று சொல்லலாம். படத்தில் இருப்பது வேறு வண்டி என்பதைச் சொல்ல அரை நிமிடம் போதும். போலி எண் பலகை, விற்ற வண்டி போன்ற சிக்கலான வகைகளில் வக்கீல் உதவி நல்லது. செலவுக்கு வழியில்லாவிட்டால் மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழுவை அணுகலாம். பெண்களுக்கும் பட்டியல் சாதி, பழங்குடியினருக்கும் வருமானம் பாராமல் இலவசச் சட்ட உதவி உண்டு.

இதில் ஒரு நிஜமான கஷ்டத்தை மறைக்கக் கூடாது. நீதிமன்றம் குற்றம் நடந்ததாகச் சொல்லும் ஊரில் இருக்கும். கோவைக்காரருக்குச் சென்னையில் சலான் வந்தால், ஆயிரம் ரூபாய்க்காக ஒரு நாள் சம்பளத்தையும் ரயில் டிக்கெட்டையும் செலவழிக்க வேண்டும். குற்றமே செய்யாதவர்கள்கூடக் கட்டிவிடுவதற்கு இதுவே பெரிய காரணம். அவர்களைக் கோழை என்று சொல்ல எனக்கு மனம் வராது. ஆகையால்தான் நீதிமன்றத்துக்குப் போகும் முன்பே, முதல் சில நாட்களிலேயே மனுவைக் கொடுத்துவிடுவது முக்கியம். அதிகாரியின் மேசையில் ஒரு படத்தையும் ஒரு ஆர்.சி.யையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் முடிகிற வேலை, நீதிமன்றத்துக்குப் போனால் ஒரு வாய்தாவாவது கேட்கும்.

எனக்கு இருபத்திரண்டாம் நாள் தொலைபேசி வந்தது. பேசியவர் இளம் குரல்காரர். "சார், படத்தைப் பார்த்தேன், உங்கள் வண்டி இல்லை, எடுத்துவிடுகிறோம்" என்றார். மன்னிப்பு எதுவும் கேட்கவில்லை, நானும் எதிர்பார்க்கவில்லை. அடுத்த வாரம் தளத்தில் தேடியபோது அந்தச் சலான் இல்லை. இல்லாத பக்கத்தையும் அச்சு எடுத்து ஆர்.சி.யோடு வைத்துக்கொண்டேன். கடைசி இலக்கம் 3 கொண்ட சிவப்பு ஸ்கூட்டர்காரருக்குப் புதிதாகச் சலான் போனதா என்று கேட்க மறந்துவிட்டேன். பேட்டரி வந்துவிட்டது, பூனைக்குட்டிகள்தான் இன்னும் இடத்தைக் காலி செய்யவில்லை.